பராமரிப்பில் இருப்பவரின் அந்தரங்கமும் மரியாதையும்: கொழும்பில் வீட்டுக்கும் இல்லத்துக்கும் ஒரு முழுமையான வழிகாட்டி

வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ ஒரு பிளாட்டில் வயதான அம்மா ஒருவர் படுக்கையில் இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். சாப்பாடு நேரத்துக்குக் கிடைக்கும். மருந்து தவறாது. கனடாவில் இருக்கும் பிள்ளைகள் தினமும் போனில் விசாரிப்பார்கள். ஆனால் அவருக்கு உடை மாற்றும்போது அறைக்கதவு திறந்தே கிடக்கும். பக்கத்து வீட்டு அன்ரி கட்டிலருகே கதிரை போட்டு இருந்து கதைத்துக்கொண்டிருக்கும்போதே பம்பர்ஸ் மாற்றப்படும். "இன்றைக்கும் மலம் போகவில்லை" என்ற செய்தி காலை ஒன்பது மணிக்குள் மூன்று நாடுகளுக்குப் போய்விடும். யாரும் கெட்டவர்கள் இல்லை. "எங்கட அம்மாதானே, எங்களுக்குள்ள என்ன வெட்கம்?" என்பார்கள். அம்மாவுக்கு வெட்கமாக இருக்கிறதா என்று அம்மாவிடம் கேட்டவர் இருக்கமாட்டார்.

இது பெற்றோரைப் பார்க்கும் பிள்ளைகளுக்கும், சம்பளத்துக்கு வேலை செய்யும் அட்டெண்டன்ட்களுக்கும், இல்லங்களில் பணிபுரிவோருக்கும் எழுதப்பட்டது. முதியவர்களுக்கு மட்டும் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். விபத்தில் இடுப்புக்குக் கீழே உணர்விழந்த முப்பது வயதுக்காரருக்கும், அறிவு வளர்ச்சிக் குறைபாடுள்ள இருபத்தைந்து வயதுப் பெண்ணுக்கும் இதே முறைதான். தனி அறை, பெரிய வீடு, கூடுதல் செலவு எதுவும் இதற்குக் கட்டாயமில்லை. தொடுவதற்கு முன் கேட்பதும், கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருப்பதும்தான் இதில் பெரும்பகுதி. கேட்பதைப் பலர் செய்கிறார்கள். காத்திருப்பதில்தான் தவறுகிறோம்.

படி 1: அவரிடமே கேட்டு ஒரு பக்கம் எழுதுங்கள்

புதிதாக ஒரு அட்டெண்டன்ட் வருவதற்கு முதல் நாளே இதைச் செய்துவிடுங்கள். ஒரு கொப்பித்தாள் போதும். எழுதப்போவது மகளாக இருந்தாலும், பதில் சொல்ல வேண்டியவர் கட்டிலில் இருப்பவர்.

அவரை எப்படிக் கூப்பிட வேண்டும்? அம்மா என்றா, மிஸ் என்றா, டீச்சர் என்றா? முப்பது வருடம் பாடசாலையில் கற்பித்த ஒருவரை வேலைக்கு வந்த பிள்ளை "பாட்டி" என்று கூப்பிட்டால் அவர் பேசாமல் இருந்துவிடலாம், ஆனால் பிடித்துப்போகாது. உடம்பு கழுவிவிட ஆண் வரலாமா, பெண்தான் வேண்டுமா? மகன் செய்யலாமா? சில அம்மாக்கள் வெளியிலிருந்து வரும் பெண்ணை ஏற்றுக்கொள்வார்கள், மகன் மட்டும் பார்க்கக்கூடாது என்பார்கள். சில அப்பாமாருக்கு மருமகள் முன்னால் சாறம் மாற்றுவதைவிட முன்பின் தெரியாத ஆண் அட்டெண்டன்ட் மேல். முஸ்லிம் குடும்பங்களில் பெண்களின் தலைமறைப்பு யார் முன்னால் கட்டாயம், எப்போது கழற்றலாம் என்பதையும் எழுத வேண்டும். திருநீறு, பொட்டு, சிலுவைச் சங்கிலி, தாலி போன்றவற்றைக் குளிப்பாட்டும்போது கழற்றலாமா, கழற்றினால் எங்கே வைப்பது? எந்த அலுமாரியை யார் திறக்கலாம்? எந்த நேரத்தில் யாரும் அறைக்குள் வரக்கூடாது?

இந்தக் கடைசிக் கேள்வியைக் கேட்டால் பலர் முதலில் சிரிப்பார்கள். "நான் எங்கே தனியாக இருக்கப்போகிறேன்?" என்பார்கள். அப்புறம் யோசித்து ஒரு நேரம் சொல்வார்கள். பின்னேரம் செபமாலை சொல்லும் நேரமாக இருக்கும், அல்லது சாப்பாட்டுக்குப் பிறகு சும்மா படுத்திருக்கும் அரைமணியாக இருக்கும். அதை எழுதி, வீட்டில் எல்லோருக்கும் சொல்லிவிடுங்கள்.

பேச முடியாதவரானால் தலையாட்டல், கண் மூடுதல், கையை அழுத்துதல் என்று ஏதாவது ஒன்றை ஆம் என்பதற்கும் இன்னொன்றை இல்லை என்பதற்கும் முடிவுசெய்து அதையும் எழுதுங்கள். பக்கவாதத்தால் பேச்சுப் போனவருக்கு நினைவும் போய்விட்டதாக நினைத்துப் பழகுவது மிகப் பொதுவான தவறு.

படி 2: அறையை ஒழுங்குபடுத்துங்கள்

கொழும்பு பிளாட்டுகளில் பெரிய சிக்கல் ஜன்னல்தான். வெள்ளவத்தை ஒழுங்கைகளில் ஒரு கட்டடத்தின் ஜன்னலிலிருந்து அடுத்த கட்டடத்தின் சமையலறை தெரியும். பகலில் மெல்லிய திரைச்சீலை போதும் என்று தோன்றும், இரவில் உள்ளே மின்விளக்கு எரியும்போது அதே திரை எல்லாவற்றையும் காட்டிக்கொடுக்கும். கீழ்ப்பாதிக்கு மட்டும் தடித்த துணி போட்டால் காற்றும் வரும், மறைவும் இருக்கும். கண்ணாடியில் ஒட்டும் பால்நிறத் தாளும் உதவும்.

அட்டெண்டன்ட் அதே அறையில் படுப்பதாக இருந்தால், இரண்டு கட்டிலுக்கும் நடுவே கம்பி இழுத்து ஒரு திரை போடுங்கள். இது இருவருக்கும் வேண்டியது. அந்தப் பெண்ணும் உடை மாற்ற வேண்டும், வீட்டுக்குப் போன் பேச வேண்டும்.

கட்டில் எந்தப் பக்கம் பார்த்து இருக்கிறது என்று கவனியுங்கள். கதவைத் திறந்ததும் கால்பக்கம் நேராகத் தெரியும்படி இருந்தால் திருப்பிப் போடலாம். கட்டிலருகே ஒரு அழைப்பு மணி வையுங்கள். புறக்கோட்டையில் விற்கும் கம்பியில்லாத கதவு மணி இதற்கு நன்றாக வேலை செய்யும்: அழுத்தும் பகுதி அவர் கைக்குள், ஒலிக்கும் பகுதி ஹோலில். கூப்பிட வழி இருந்தால்தான் கதவைச் சாத்திவிட்டு அவரைத் தனியே விட நமக்கும் துணிவு வரும்.

பாத்ரூம் கதவுக்கு வெளியிலிருந்தும் திறக்கக்கூடிய லொக் போடுங்கள். விழுந்துவிடுவார் என்ற பயத்தில் தாழ்ப்பாளையே கழற்றிவிடும் வீடுகள் உண்டு. பயம் நியாயமானது, தீர்வு தவறு. சுவரில் கைபிடிக் கம்பி, வழுக்காத பாய், வெளியிலிருந்து திறக்கும் லொக் என்று மூன்றையும் செய்துவிட்டால் கதவைச் சாத்த விடலாம்.

அப்புறம் ஒரு லாச்சி. அவருக்கு மட்டும் உரிய, திறப்பு அவரிடமே இருக்கும் ஒரு லாச்சி. அதற்குள் என்ன இருக்கிறது என்று நீங்கள் அறிந்துகொள்ள வேண்டியதில்லை. மருந்தோ சாப்பாடோ பதுக்குகிறார் என்று சந்தேகம் வந்தால் அவர் முன்னிலையில், அவரையே திறக்கச் சொல்லிப் பாருங்கள்.

படி 3: குளிப்பாட்டுதல், உடம்பு துடைத்தல்

அந்தரங்கம் அதிகம் காயப்படுவது இந்த வேலையில்தான். அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

தட்டுங்கள், நில்லுங்கள், பதில் வந்தபின் உள்ளே போங்கள். கதவே இல்லாத இடமானால் திரைக்கு வெளியே நின்று குரல் கொடுங்கள். "அம்மா, உடம்பு துடைக்கலாமா, இல்லாவிட்டால் தேத்தண்ணி குடித்துவிட்டுச் செய்வோமா?" என்று கேளுங்கள். "குளிப்போமா?" என்று மட்டும் கேட்டால் வேண்டாம் என்ற பதில்தான் சுலபமாக வரும். இரண்டு வழி கொடுத்தால் அவர் தேர்ந்தெடுப்பார்.

தொடங்குவதற்கு முன் எல்லாவற்றையும் எடுத்து வையுங்கள்: இரண்டு பேசின் வெந்நீர், இரண்டு சிறு துணி, பெரிய துவாய் இரண்டு, மாற்றுடை, புதிய பம்பர்ஸ், சவர்க்காரம். பாதியில் துவாய் தேடி வெளியே போய், அவரை உடையில்லாமல் விட்டுவருவதுதான் வீடுகளில் அடிக்கடி நடக்கும் அவமதிப்பு. ஃபேனை நிறுத்துங்கள். தண்ணீர்ச் சூட்டை உங்கள் மணிக்கட்டின் உட்புறத்தில் பார்த்துவிட்டு, அவர் கையிலும் ஒரு சொட்டு விட்டுக் கேளுங்கள்.

உடை முழுவதையும் ஒரே தடவையில் கழற்ற வேண்டாம். பெட்ஷீட்டையோ பெரிய துவாயையோ கழுத்திலிருந்து கால்வரை போர்த்திவிட்டு, அதற்கு அடியிலேயே உடையைக் கழற்றுங்கள். பிறகு துடைக்கும் பகுதியை மட்டும் திறந்து, துடைத்து, ஈரம் ஒற்றி, மறுபடி மூடிவிட்டு அடுத்த பகுதிக்குப் போங்கள். முதலில் முகம், அதில் கண்ணை மட்டும் சவர்க்காரம் இல்லாமல் மூக்குப் பக்கமிருந்து காதுப் பக்கமாக. பிறகு கைகள், அக்குள், நெஞ்சு, வயிறு, கால்கள், முதுகு. கடைசியில் அந்தரங்க உறுப்புகள், அதற்குப் புதுத் தண்ணீரும் வேறு துணியும். பெண்களுக்கு முன்னிருந்து பின்னாகத்தான் துடைக்க வேண்டும். மாறிச் செய்தால் சிறுநீர்த் தொற்று வரலாம். சுத்தமான இடத்திலிருந்து அழுக்கான இடத்துக்குப் போகிற இந்த ஒழுங்கு கிருமி பரவாமல் இருப்பதற்கானது. கூடவே, ஒருவர் உடம்பு முழுவதும் திறந்து கிடக்கும் நேரம் ஒன்று வராமலும் பார்த்துக்கொள்கிறது.

கை அசைக்கக்கூடியவராக இருந்தால் துணியை அவர் கையில் கொடுத்து, "கீழே நீங்களே துடையுங்கோ" என்று சொல்லி முகத்தைத் திருப்பிக்கொள்ளுங்கள். சரியாகத் துடைக்கவில்லை என்றால் பிறகு கேட்டு, நீங்கள் ஒரு தடவை துடைக்கலாம். நேரம் அதிகமாகும், ஆகட்டும். மார்புக்குக் கீழே, தொடையிடுக்கில் மடிப்புகளை நன்றாக உலர்த்துங்கள், கொழும்பு வெக்கையில் அங்கேதான் புண் வரும்.

தொடும் ஒவ்வொரு இடத்தையும் முன்கூட்டியே சொல்லுங்கள். "இப்ப இடது கால்." அவ்வளவுதான், சொற்பொழிவு வேண்டாம். இரண்டு பேர் சேர்ந்து குளிப்பாட்டும்போது அவர் உடலுக்கு மேலாக உங்கள் வீட்டுக் கதையைப் பேச வேண்டாம். காதில் போனை வைத்துக்கொண்டு குளிப்பாட்டவே கூடாது. வீடியோ அழைப்பு ஒலித்தால் எடுக்காதீர்கள்.

எங்கள் ஆட்களுக்குத் தினமும் தலைக்குத் தண்ணீர் வார்க்காவிட்டால் பராமரிப்பே நடக்கவில்லை என்று தோன்றும். மருத்துவ ரீதியாக அது கட்டாயம் இல்லை. வயதான தோல் வறண்டது, வாரத்துக்கு இரண்டு மூன்று முழுக்குளிப்பும், மற்ற நாளில் முகம், அக்குள், கவட்டைச் சுத்தம் செய்வதும் பலருக்குப் போதும். ஆனால் அவர் வாழ்நாள் முழுக்க விடிய ஐந்து மணிக்கு வாளித் தண்ணீரில் முழுகியவரானால், உங்கள் வசதிக்காக அதை நிறுத்தவும் வேண்டாம். யாருடைய பழக்கம் என்பதைப் பார்த்து முடிவுசெய்யுங்கள்.

உடை விஷயத்தில் எனக்கு ஒரு பிடிவாதம் உண்டு. படுக்கையில் இருப்பவருக்கு வசதி என்று பின்பக்கம் வெட்டித் திறந்த நைட்டியைப் போட்டுவிடுகிறோம். கட்டிலில் இருக்கும்வரை சரி. சக்கர நாற்காலியில் ஹோலுக்குக் கொண்டுவரும்போது அது போதாது. மேலே ஒரு சால்வை, மடியில் ஒரு துணி, தலை வாரி, வழக்கமானால் பொட்டு. பல்செட் கழற்றிய வாயோடு விருந்தாளி முன் உட்கார வைக்க வேண்டாம்.

படி 4: கழிப்பறை

நடக்க முடிகிற ஒருவருக்கு, கழிப்பறைக்குக் கூட்டிப்போக நேரமில்லை என்பதற்காகப் பம்பர்ஸ் கட்டிவிட்டு, "அதிலேயே போங்கோ" என்று சொல்வது பல வீடுகளிலும் இல்லங்களிலும் நடக்கிறது. ஒரு வளர்ந்த மனிதரிடம் இதைவிடக் கடுமையாகச் சொல்லக்கூடியது அதிகம் இல்லை. நாளடைவில் அடக்கும் சக்தியும் போய்விடும். எழுந்தவுடன், ஒவ்வொரு சாப்பாட்டுக்குப் பிறகும், படுக்கப்போகும் முன் என்று நேரம் வைத்துக் கூட்டிப்போங்கள். காலைச் சாப்பாட்டுக்குப் பின் குடல் அசைவு கூடும், ஏறக்குறைய அரைமணிக்குள் அமர்த்தினால் பலருக்குப் பலன் தெரியும்.

கமோட் கதிரையில் அமர்த்தினால் மடியில் ஒரு துவாய் போட்டு, மணியைக் கையில் கொடுத்து, வெளியே போங்கள். விழும் அபாயம் இருந்தால் கைக்கெட்டும் தூரத்தில், முதுகைக் காட்டி நில்லுங்கள். "முடிஞ்சுதா, முடிஞ்சுதா" என்று கேட்டால் யாருக்குமே முடியாது.

சிறுநீர்ப் பை போட்டவரை வெளியே அழைத்துப்போகும்போது பைக்கு ஒரு துணி உறை தைத்துப் போடுங்கள். பை எப்போதும் சிறுநீர்ப்பையின் மட்டத்துக்குக் கீழேதான் தொங்க வேண்டும், தரையிலும் படக்கூடாது. மறைக்கிறேன் என்று மடியில் தூக்கி வைத்தால் சிறுநீர் திரும்பிப் போகும். படுக்கை நனைந்துவிட்டால் மூக்கைச் சுளிக்காமல், சத்தம் போட்டு ஆளைக் கூப்பிடாமல் மாற்றுங்கள். மலம் போனதா என்பதைக் கொப்பியில் எழுதுங்கள், சமையலறையிலிருந்து கத்திக் கேட்க வேண்டாம்.

படி 5: மொழி

கொழும்பில் பல தமிழ் முதியவர்களைப் பார்த்துக்கொள்பவர்கள் சிங்களம் பேசுபவர்கள். இரு பக்கமும் அன்பு இருக்கும், சொல் இருக்காது. வலிக்கிறது என்று சொல்லத் தெரியாமல் கையைத் தட்டிவிட்டால், "கோபக்கார ஆச்சி" என்று பெயர் வந்துவிடும். ஆகவே அந்தரங்கத்துக்குத் தேவையான சில சொற்களை இருவருக்கும் கற்றுக்கொடுங்கள். கதவைச் சாத்துங்கள் என்பதற்குத் தொர வஹன்ன. கொஞ்சம் பொறுங்கள், பொட்டக் இன்ன. வேண்டாம், எப்பா. வலிக்கிறது, ரிதெனவா. நானே செய்துகொள்கிறேன், மம கரகன்னம். பெரிய எழுத்தில் ஒரு அட்டையில் தமிழ் எழுத்தில் எழுதிக் கட்டிலருகே ஒட்டுங்கள். அட்டெண்டன்டுக்கும் அதேபோல் "வலிக்குதா?", "தொடலாமா?", "போதுமா?" என்ற தமிழ்ச் சொற்களை அவர் வாசிக்கும் எழுத்தில் எழுதிக் கொடுங்கள்.

மறதி நோய் வந்தவர்கள் பின்னாளில் படித்த மொழியை முதலில் இழப்பதுண்டு. நேற்றுவரை அலுவலகச் சிங்களம் நன்றாகப் பேசியவர் திடீரென்று தமிழில் மட்டும் பேசத் தொடங்கினால் அதைப் பிடிவாதமாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

படி 6: விருந்தாளி, போன், கமரா

நோயாளியைப் பார்க்கப் போவது எங்களுக்குக் கடமை. அப்பிளும் ஹோர்லிக்ஸ் போத்தலும் வாங்கிக்கொண்டு சொல்லாமல் வந்து நேராகப் படுக்கையறைக்குள் போய்விடுவோம். வந்தவரை ஹோலில் இருத்தி, தேத்தண்ணி கொடுத்து, உள்ளே போய் "இன்னார் வந்திருக்கிறார், பார்க்கிறீங்களா?" என்று கேட்டு வாருங்கள். இல்லை என்றால், "இப்பதான் கண் அயர்ந்தவ" என்ற பழைய பொய் இருக்கவே இருக்கிறது. இந்த இடத்தில் அதைத் தாராளமாகச் சொல்லலாம்.

குடும்ப வாட்ஸ்அப் குழுவுக்கு என்ன போகலாம் என்று அவரையே கேளுங்கள். படுக்கைப்புண்ணின் படம் டொக்டருக்குப் போகலாம், லண்டனில் இருக்கும் மச்சாளுக்குப் போக வேண்டியதில்லை. வெளிநாட்டுப் பிள்ளை வீடியோவில் வரும்போது, கமராவைத் திருப்பும் முன் "காட்டட்டா?" என்று கேட்டுவிட்டுத் திருப்புங்கள். பிறந்தநாள் படத்தை முகநூலில் போடவும் அதே கேள்விதான். அட்டெண்டன்ட் தன் போனில் படம் எடுக்கக்கூடாது என்பதை வேலை தொடங்கும் அன்றே தெளிவாகச் சொல்லுங்கள்.

சி.சி.டி.வி. விஷயத்தில் எனக்குத் தயக்கம் அதிகம். ரொறொன்ரோவில் இருந்து அம்மாவைப் பார்த்துக்கொண்டிருப்பது மகனுக்கு ஆறுதல், ஆனால் அம்மா ஒவ்வொரு நாளும் மகன் கண் முன்னால் உடை மாற்றுகிறார். வாசலிலும் ஹோலிலும் கமரா வைக்கலாம். பாத்ரூமில் ஒருபோதும் கூடாது. படுக்கையறையில் வைத்துத்தான் ஆக வேண்டும் என்றால் அவர் சம்மதித்திருக்க வேண்டும், அட்டெண்டன்டுக்குத் தெரிந்திருக்க வேண்டும், குளிக்கும் உடை மாற்றும் நேரத்தில் மூடிவிட ஒரு துணி மூடி வேண்டும், கடவுச்சொல் ஒருவரிடம் மட்டும் இருக்க வேண்டும். சந்தேகம் அட்டெண்டன்ட் மேல் என்றால், முன்னறிவிப்பில்லாமல் வந்துபோகும் ஒரு உறவினர் கமராவைவிட அதிகம் கண்டுபிடிப்பார்.

2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் உடல்நலத் தகவல்களை விசேட வகைத் தரவாக வைத்திருக்கிறது. இல்லங்களும் ஆஸ்பத்திரிகளும் இதைக் கவனத்தில் கொள்ள வேண்டும். வீட்டுக்குள் ஒருவர் தன் சொந்தத் தேவைக்குச் செய்வதை அந்தச் சட்டம் தொடுவதில்லை. அதனால் குடும்பக் குழுவில் கட்டுப்பாடு வைப்பது உங்கள் பொறுப்பில்தான் இருக்கிறது.

படி 7: ஆஸ்பத்திரியில்

பெரியாஸ்பத்திரி வார்டில் வரிசையாகக் கட்டில்கள், எல்லோருக்கும் எல்லாம் கேட்கும். மிஸ்மாருக்கு, அதாவது தாதியருக்கு, நிற்க நேரமில்லை. ஆனாலும் "மிஸ், திரை ஒன்று வைக்கலாமா?" என்று மரியாதையாகக் கேட்டால் பெரும்பாலும் வைப்பார்கள். இல்லாத நேரத்துக்கு நீங்கள் ஒரு பெரிய பெட்ஷீட்டைக் கொண்டுபோங்கள், இரண்டு பேர் பிடித்தால் திரைதான். பெண் நோயாளியை ஆண் டொக்டர் பரிசோதிக்கும்போது ஒரு பெண் உடனிருக்கக் கேட்கலாம். மாணவர்கள் சுற்றி நின்று பார்ப்பதற்கு நோயாளியின் சம்மதம் வேண்டும், வேண்டாம் என்றும் சொல்லலாம்.

டொக்டர் மகளைப் பார்த்து "அம்மா எப்படிச் சாப்பிடுறா?" என்று கேட்டால், மகள் அம்மா பக்கம் திரும்பி, "நீங்களே சொல்லுங்கோ அம்மா" என்றால் போதும். அடுத்த கேள்வி அம்மாவிடமே போகும்.

படி 8: வேண்டாம் என்று சொன்னால்

நேற்றுச் சரி என்றவர் இன்று வேண்டாம் என்கிறார். இன்றைய பதில்தான் கணக்கு. மருந்து, புண்ணுக்குக் கட்டுப்போடுதல் போன்ற அவசியமானவற்றுக்கு ஏன் தேவை என்று சொல்லுங்கள், நேரத்தை மாற்றுங்கள், ஆளை மாற்றுங்கள். குளிப்பு, உடை, சாப்பாடு போன்றவற்றில் விட்டுக்கொடுங்கள்.

மறதி நோய் உள்ளவர் உடை கழற்ற விடாமல் அடித்தால், அவருக்கு நீங்கள் யாரென்று தெரியாமல் இருக்கலாம். தெரியாத ஒருவர் தன் சட்டையைக் கழற்ற வந்தால் எவரும் அப்படித்தான் செய்வார். பின்வாங்கி, இருபது நிமிடம் கழித்துப் புதிதாக வருவதுபோல் வாருங்கள். முகத்துக்கு நேராக, அவர் உயரத்துக்குக் குனிந்து, பெயர் சொல்லித் தொடங்குங்கள். முதலில் கையை மட்டும் கழுவுங்கள். இருவராகப் பிடித்து அமுக்கிக் குளிப்பாட்டுவது பராமரிப்பு ஆகாது. வழக்கமாக ஒத்துழைப்பவர் இரண்டொரு நாளில் திடீரென்று மறுக்கவும் குழம்பவும் தொடங்கினால் டொக்டரிடம் காட்டுங்கள். சிறுநீர்த் தொற்று, மலச்சிக்கல், சொல்லத் தெரியாத வலி காரணமாக இருக்கலாம். யாரோ ஒரு குறிப்பிட்ட ஆள் வரும்போது மட்டும் மறுக்கிறார் என்றால், அதை மறதி நோயின் கணக்கில் எழுதிவிடாதீர்கள்.

படி 9: பராமரிப்பவருக்கும் எல்லை உண்டு

இதை யாரும் எழுதுவதில்லை. வேலைக்கு வந்த பெண்ணின் கையை ஐயா பிடித்து இழுக்கிறார், கூசும்படி பேசுகிறார். வீட்டார் "வயசு போனவர், பொறுத்துக்கொள்" என்கிறார்கள். மறதி நோய் காரணமாக இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். எதுவானாலும் அந்தப் பெண் உறுதியாக "வேண்டாம் ஐயா" என்று சொல்லி, ஆபத்தில்லாமல் இருக்குமானால் அறையை விட்டு வெளியேறலாம். வீட்டார் ஆண் அட்டெண்டன்டை ஏற்பாடு செய்ய வேண்டும். பாலியல் தொல்லை தண்டனைச் சட்டக்கோவையின் 345 ஆம் பிரிவின்படி குற்றம், அது வீட்டுக்குள் நடந்தாலும்.

பணத்திலும் கோடு வேண்டும். ஐயாவின் பென்ஷன் அட்டையின் இரகசிய இலக்கம் அட்டெண்டன்டுக்குத் தெரியக்கூடாது. கடன், நகை, காணிக் கையெழுத்து எதுவும் இருவருக்குள்ளும் வேண்டாம். பெருநாளுக்குச் சாறி, பொங்கலுக்கு உடுப்பு கொடுப்பது வீட்டார் கையால் நடக்கட்டும். பென்ஷனைப் பற்றிச் சொல்லும்போது இன்னொன்று: அந்தக் காசு அவருடையது. பேரனுக்குக் கொடுக்க நூறு ரூபாய்க்கு மகனிடம் கேட்டு நிற்க வைக்காதீர்கள்.

படி 10: இல்லம் தேடும்போது

வரவேற்பறையில் வைத்து எல்லா இல்லமும் நன்றாகத்தான் இருக்கும். காலை எட்டு ஒன்பது மணிக்கு, குளிப்பாட்டும் நேரத்தில் போக முடியுமா என்று கேளுங்கள். உள்ளே எட்டிப் பார்க்க வேண்டியதில்லை. தாழ்வாரத்தில் நின்றாலே கதவுகள் சாத்தியிருக்கின்றனவா, எந்தக் குரலில் பேசுகிறார்கள், துவாய் சுற்றியபடி யாராவது வரிசையில் காத்திருக்கிறார்களா என்று தெரியும். உடுப்புகளைக் கவனியுங்கள். எல்லோருடையதையும் ஒன்றாகத் துவைத்து யாருக்கும் எதையும் போட்டுவிடுகிறார்களா? சேர்க்கும் முன் ஒவ்வொரு உடுப்பிலும் நூலால் பெயர் தைத்துவிடுங்கள்.

கேட்க வேண்டியவை: தமிழ் பேசும் ஒருவராவது ஒவ்வொரு ஷிப்டிலும் உண்டா? கணவனும் மனைவியும் ஒரே அறையில் இருக்க விடுவார்களா? தனியாகப் போன் பேச இடம் உண்டா? சைவச் சாப்பாடு தனிப் பாத்திரத்தில் சமைப்பார்களா? முறைப்பாடு வந்தால் யார் விசாரிப்பார்? முதியோருக்கான இல்லங்கள் பதிவு செய்யப்பட வேண்டும் என்பது 2000 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டத்தில் இருக்கிறது. பதிவுச் சான்றிதழைக் காட்டச் சொல்லிக் கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

படி 11: எல்லை மீறப்பட்டால்

கதவு தட்டாமல் வருவது, பெயர் சொல்லிக் கத்துவது போன்றவற்றை முதலில் பொறுப்பாளரிடம் வாயால் சொல்லுங்கள். ஒரு வாரத்தில் மாறாவிட்டால் திகதி, நேரம், நடந்தது என்று எழுதிக் கொடுத்து ஒரு பிரதியை வைத்துக்கொள்ளுங்கள். அதற்கும் மேலே போக வேண்டுமானால் பிரதேச செயலகத்தில் முதியோர் விடயங்களைப் பார்க்கும் உத்தியோகத்தரைச் சந்திக்கலாம். வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி திம்பிரிகஸ்யாய பிரதேச செயலகத்துக்கு உரியவை, கொட்டாஞ்சேனை கொழும்புப் பிரதேச செயலகத்துக்கு. மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளைப் பாதுகாக்க 1996 ஆம் ஆண்டின் 28 ஆம் இலக்கச் சட்டம் உண்டு. எங்கே வாழ்ந்தாலும் அவர்களின் அந்தரங்கம் காக்கப்பட வேண்டும் என்று சொல்லும் ஐ.நா. சமவாயத்தை இலங்கை 2016 இல் ஏற்று உறுதிப்படுத்தியிருக்கிறது. அரச நிறுவனம் பற்றிய முறைப்பாடானால் மனித உரிமைகள் ஆணைக்குழுவை 1996 என்ற இலக்கத்தில் அழைக்கலாம். பெண்களுக்கான உதவி இலக்கம் 1938.

அடி, பாலியல் தொந்தரவு என்றால் பொறுப்பாளரிடம் நின்றுவிடாமல் நேரே பொலிஸ், 119. அவரைக் குளிப்பாட்ட வேண்டாம், உடுப்பைத் துவைக்க வேண்டாம், காகிதப் பையில் போட்டு வையுங்கள். பொலிஸ் மூலம் சட்ட வைத்திய அதிகாரியிடம் பரிசோதனை நடக்கும். மீறியவர் குடும்பத்தவராகவே இருந்தால் 2005 ஆம் ஆண்டின் 34 ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டத்தின்கீழ் நீதவான் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளை கேட்கலாம். அரச அலுவலர்களுடன் தமிழில் தொடர்புகொள்ளும் உரிமை அரசியலமைப்பில் உண்டு. வாக்குமூலத்தைத் தமிழில் பதியச் சொல்லுங்கள், விளங்காத மொழியில் எழுதியதில் கையெழுத்து வைக்க வேண்டாம். அவர் பேசக்கூடியவராக இருந்தால், அந்த வாக்குமூலத்தை அவரே சொல்ல விடுங்கள். நீங்கள் பக்கத்தில் இருங்கள், வெளியே நிற்கச் சொன்னால் வெளியே நில்லுங்கள்.